தேனும் காரீயமும்

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளுக்கு அப்பளமும் ஊறுகாயும் காப்பிப் பொடியும் ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கும். தேன் மட்டும் பெரும்பாலும் நாம் வாழ வந்த ஊரின் தேனாகவே அமைந்துவிடுகிறது. டில்லியில் இருப்பவர் ராஜஸ்தானத்துக் கடுகுப்பூத் தேனையும், பாட்னாவில் இருப்பவர் முஜப்பர்பூர் லிச்சித் தேனையும், கொல்கத்தாவில் இருப்பவர் சுந்தரவனத்துக் காட்டுத் தேனையும், புனேயில் இருப்பவர் மகாபலேசுவரத்து நாவற்பூத் தேனையும் வாங்கிப் பழகிவிடுகிறார்கள். கடுகுப்பூத் தேன் சில வாரங்களிலேயே நெய்போல் உறைந்துவிடும். அதைக் கண்டு, சர்க்கரை கலந்துவிட்டான் என்று கடைக்காரரோடு வழக்காடிய தமிழர்கள் பலர். உறைவது அத்தேனின் இயல்பேயன்றிக் குற்றமன்று.

வட இந்தியச் சமவெளிகளில் பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீயும் நம்மைப் போலவே குடிபெயர்ந்து வந்த இனம்தான். இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள நக்ரோடா பக்வான் என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டில் அது வெற்றிகரமாகக் குடியமர்த்தப்பட்டது. இப்போது அத்தேனீக்கள் பெட்டிகளோடு லாரிகளில் ஏறி, பூக்கும் பருவத்தைப் பின்பற்றி மாநிலம் விட்டு மாநிலம் பயணம் செய்கின்றன. ஆகவே ஒரு குப்பித் தேனில் எத்தனை ஊர் மண்ணும் காற்றும் சேர்ந்திருக்கின்றன என்பதைக் குப்பியின் மேல் ஒட்டிய சீட்டு நமக்குச் சொல்வதில்லை.

இக்காலத்தில் தேன் விற்போர் சிலர் ஆய்வுக்கூடச் சான்றிதழ் ஒன்றையும் உடன் காட்டுகிறார்கள். அதில் காரீயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் எனப் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கண்டறியப்படவில்லை' என்று அச்சிட்டிருக்கும். வாங்குபவர் அதை 'இல்லை' என்று படித்துக்கொண்டு மனநிறைவோடு வீடு திரும்புகிறார். இந்த இரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் விஞ்ஞானி அல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய சர்க்கார் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஒரு சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதே எங்கள் பிழைப்பு. அந்த முறையில்தான் இதனுள் நுழைகிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நம் மொழியில் 'ஈயம்' என்பது இரண்டு உலோகங்களுக்குப் பொதுவான பெயர். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அவ்வாறே இருக்கவும் வேண்டும். நஞ்சாவது மற்றதாகிய காரீயம். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் 'ஈயம்' என்று எழுதிவிட்டால், பாட்டி காலத்துச் சொம்பின் மீது வீண் பழியும் விழலாம். அல்லது காரீயத்தின் மீதுள்ள அச்சம் அநியாயமாக அகன்றும் போகலாம். ஹிந்தியில் காரீயத்திற்கு 'சீஸா' என்று பெயர். நமக்கோ 'சீசா' என்றால் கண்ணாடிக் குப்பி. தேன் சீசாவில் சீஸா இருக்கிறதா என்று கேட்டால் கடைத் தெருவில் சிரிப்பார்கள். எனினும் கேள்வி சரியான கேள்விதான். 'கன உலோகங்கள்' என்ற தொகுப்புப் பெயரும் அவ்வளவு உறுதியானதன்று. எவ்வளவு கனம் இருந்தால் கன உலோகம் என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒருமைப்பாடு இல்லை. ஆர்சனிக் முழு உலோகமும் அன்று. நடைமுறையில் இப்பெயர், உணவில் இருக்கக் கூடாத சில நச்சுத் தனிமங்களைக் குறிக்கும் வசதியான சொல்லாக வழங்கி வருகிறது.

இவற்றுள் காரீயத்தையே இன்று எடுத்துக்கொள்கிறேன். இதன் தீங்கு குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் முதன்மையாகத் தெரியும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று கோடு கிழிக்கத்தக்க அளவு எதுவும் இதுகாறும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வாரம் ஒன்றுக்கு உடல் எடையில் கிலோ ஒவ்வொன்றுக்கும் 25 மைக்ரோகிராம் வரை பொறுக்கலாம் என்று முன்பு வகுத்திருந்த வரம்பை, அந்நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாக வேறொரு வரம்பையும் அக்குழு வைக்கவில்லை.

குழந்தை என்றவுடன் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பிறந்த சிசுவின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அதற்குக் காரணம் உலோகமன்று. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் விதைகள் சிசுவின் குடலில் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும். தேன் எவ்வளவு தூயதாயினும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

காரீயம் தேனில் எவ்வாறு வந்து சேர்கிறது? தேனீக்கள் இரை தேடிக் கூட்டிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை செல்வதுண்டு. அந்த வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் 28 சதுரக் கிலோமீட்டர் வருகிறது. அதற்குள் உள்ள பூக்கள், குட்டைகள், இலைகளின் மேல் படிந்த புழுதி ஆகியவற்றையெல்லாம் ஆயிரக்கணக்கான தேனீக்கள் நாள்தோறும் தொட்டு மீள்கின்றன. தேனீயின் உடல் முழுவதும் மயிர் அடர்ந்தது. மகரந்தத்தைப் போலவே தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும். இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000ஆம் ஆண்டில் முடிவுற்றது. எனினும் பல ஆண்டுகள் வாகனங்கள் உமிழ்ந்த காரீயம் சாலையோர மண்ணைவிட்டு எளிதில் நீங்குவதில்லை. பழைய பாட்டரிகளை உருக்கும் இடங்களும் பழைய வர்ணப் பூச்சுகளும் இன்னும் இருக்கின்றன.

இதில் வியப்பு ஒன்று உண்டு. கூட்டில் உள்ள பொருள்களுள் தேனில்தான் உலோகம் பொதுவாக மிகக் குறைவு. தேனீயின் உடலிலும், மகரந்தத்திலும், கூட்டின் துளைகளை அடைக்க அவை கொண்டுவரும் பிசினிலும் அதைவிட அதிகமாக இருக்கும். ஆகவே தேனில் குறைவாக இருப்பதை வைத்து அந்த ஊரின் காற்று தூயது என்று சொல்லிவிட முடியாது. தேன் கூட்டை விட்டு வெளிவந்த பிறகும் அபாயம் நீங்குவதில்லை. நாவுக்கு இனிப்பாக இருப்பினும் தேன் அமிலத் தன்மை உடையது. நாகம் பூசிய தகரத்திலோ, காரீயம் கலந்த பற்று வைத்த பழைய டின்களிலோ மாதக்கணக்கில் வைத்தால், அது அந்த உலோகத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பூக்களின்மேல் பழி போடுவதற்கு முன்னால் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

இனி அளப்பதைப் பற்றி. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் தேனுக்கு விதித்துள்ள காரீய வரம்பு, கிலோ ஒன்றுக்கு 0.10 மில்லிகிராம். அதாவது கோடியில் ஒரு பங்கு. உலக நாடுகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட கோடெக்ஸ் தேன் தராதரம், மனித நலத்துக்குத் தீங்கு தரும் அளவில் கன உலோகங்கள் இருக்கலாகாது என்று சொல்வதோடு அமைகிறது. கோடியில் ஒரு பங்கை எப்படிப் பார்ப்பது?

தேனை இளஞ்சூட்டில் நன்றாகக் கலக்கி, உலோகக் கரண்டி படாமல், அரை கிராம் எடுக்கிறார்கள். அதனோடு மிகத் தூய நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து, மூடிய கலத்தில் சூடேற்றுகிறார்கள். சர்க்கரை முழுவதும் சிதைந்து, தெளிந்த திரவம் மிஞ்சும். அதை 50 மில்லிலிட்டர் ஆகும்வரை தூய நீரால் நிரப்பிக் கருவியில் செலுத்துகிறார்கள். முற்காலத்தில் டிதைசோன் என்னும் ரசாயனப் பொருளைச் சேர்த்து, காரீயம் உண்டாக்கும் செந்நிறத்தின் ஆழத்தைக் கொண்டு மதிப்பிட்டார்கள். 1955இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்பவர், தீச்சுடரில் ஆவியாகும் அணுக்கள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று பார்க்கும் முறையை வெளியிட்டார். 1980இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விஞ்ஞானிகள் இன்னும் நுட்பமான முறையொன்றைக் காட்டினார்கள். அதில் ஆர்கான் வாயு, சூரியனின் மேற்பரப்பை ஒத்த வெப்பத்திற்கு ஏற்றப்படுகிறது. அதனுள் தெளிக்கப்பட்ட திரவத்தின் அணுக்கள் மின்னேற்றம் பெறுகின்றன. பிறகு அவை எடைவாரியாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன.

எடைவாரியாக எண்ணுவதிலும் ஆள்மாறாட்டம் நடப்பதுண்டு. ஆர்சனிக் அணுவின் எடை எண் 75. ஆர்கானின் 40உம் குளோரினின் 35உம் சேர்ந்தாலும் அதே 75 வரும். தேனில் குளோரைடு உப்பு சிறிதளவு இருக்கிறது. ஆர்கானோ கருவியிலேயே நிரம்பி இருக்கிறது. இரண்டும் கைகோத்துக்கொண்டு ஆர்சனிக்கைப் போல் வேடமிட்டு வந்தால், கருவி அவற்றை ஆர்சனிக் என்றே எண்ணும். வழியில் ஹீலியம் வாயுவை நிரப்பி, பருத்த இப்போலிகளைத் தடுத்து நிறுத்துகிறார்கள்.

இவற்றைவிடப் பெரிய தொல்லை அளப்பவரிடமிருந்தே வருகிறது. கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் காரீயம் உள்ள தேனில் அரை கிராம் எடுத்தால், அதில் உள்ள காரீயம் ஒரு கிராமில் பத்து கோடியில் ஒரு பங்கு. அறையின் தூசியிலும், கண்ணாடிக் கலத்திலும், அமிலத்திலும், ஆய்வாளரின் விரலிலும் அதற்கு மேல் இருக்கலாம். இதை உலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய கிளேர் பாட்டர்சன். விண்கற்களில் உள்ள காரீயத்தை அளந்து பூமியின் வயதைக் காண்பது அவர் நோக்கம். தொடக்கத்தில் அவருடைய அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எங்கிருந்தோ வேறு காரீயம் வந்து புகுந்துகொண்டே இருந்தது. வடிகட்டிய காற்று, மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்த அமிலம், கழுவிக் கழுவித் துடைத்த தரை எனத் தம் ஆய்வறையையே அவர் புதிதாக அமைத்தார். 1956இல், பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். இந்தக் கணக்கு பெரிதும் மாறாமல் இன்றும் நிற்கிறது. ஆனால், தம் அறைக்குள் புகுந்த காரீயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் விட்டுவிடவில்லை. மனிதர் வாழும் சூழலெங்கும் இயற்கையில் இருந்ததைவிடப் பன்மடங்கு காரீயம் நிறைந்திருக்கிறது என்று 1965இல் எழுதினார். பெட்ரோல் தொழிலைச் சார்ந்தவர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா காரீயப் பெட்ரோலைக் கைவிட்டது 2021இல்.

பாட்டர்சன் காட்டிய ஒழுக்கத்தின் அடையாளமாக ஒவ்வொரு நல்ல ஆய்வுக்கூடத்திலும் இன்று 'வெற்றுச் சோதனை' நடக்கிறது. தேன் மட்டும் இராது; அதே அமிலம், அதே கலம், அதே சூடு, அதே கை. அதிலும் கருவி ஏதோ ஒரு சிறு எண்ணைக் காட்டும். அது வீட்டுத் தூசியின் எண். பலமுறை செய்தால் அந்த எண் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவைப் போல் மும்மடங்காவது இருந்தால்தான் தேனில் ஏதோ இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம் என்பது பொது வழக்கு. அந்தக் கோட்டிற்குக் 'கண்டறியும் எல்லை' என்று பெயர். தெரிந்த அளவு காரீயத்தை வேண்டுமென்றே தேனில் சேர்த்து, சேர்த்தது முழுவதும் கணக்கில் திரும்பி வருகிறதா என்றும் பார்ப்பார்கள். நூறு சேர்த்து அறுபதே வந்தால் அந்த ஆய்வின் மற்ற எண்களையும் நம்புவதற்கில்லை.

ஆகவே 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லுக்கு, 'எங்கள் கோட்டிற்கு மேலே எழவில்லை' என்பதே பொருள். கோடு எங்கே இருக்கிறது என்று சொல்லாவிட்டால் அச்சொல் பாதி வாக்கியம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தீச்சுடர் முறையில் வேலை செய்யும் ஓர் ஆய்வுக்கூடம், லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் வரை காரீயத்தைக் காண வல்லது என்று கொள்வோம். ஒரு கிராம் தேனை 25 மில்லிலிட்டர் கரைசலாக்கி அளந்தால், தேனில் அவர்களுடைய கோடு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் நிற்கும். ஐரோப்பிய வரம்பைப் போல் ஐந்து மடங்கு அது. அந்த வரம்பைப் போல் மூன்று மடங்கு காரீயம் உள்ள தேனுக்கும் அவர்கள் 'கண்டறியப்படவில்லை' என்று, சிறிதும் பொய் சொல்லாமல், கையெழுத்திடலாம்!

இதே குழப்பம் சராசரி காணும்போது பெரிதாகிறது. பத்து மாதிரிகளில் எட்டுக்குக் 'கண்டறியப்படவில்லை', இரண்டுக்கு 0.6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த எட்டையும் பூஜ்யம் என்று எழுதினால் சராசரி 0.12. அந்த எட்டும் கோட்டின் உயரமாகிய 0.5 என்று எழுதினால் சராசரி 0.52. உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. நேர்மையான அறிக்கைகள் இரண்டையும் கீழ்மட்டம், மேல்மட்டம் என்று சேர்த்தே தரும். 'இல்லை' என்று ஒரு சொல்லால் மொழிபெயர்த்துவிட்டால் மேல்மட்டம் மறைந்துபோகும். எங்கள் தொழிலில் இதற்கு மன்னிப்புக் கிடையாது என்றே நினைக்கிறேன்.

கோட்டைத் தாழ்த்தினால் என்ன தெரியவரும் என்பதற்கு இரு ஊர்களின் செய்தியைச் சொல்கிறேன். கனடாவின் வான்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் பல தேன் பெட்டிகளிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். உண்பதற்கு அத்தேன்கள் தூயனவே. எனினும் நகரின் மையத்தையும் துறைமுகத்தையும் நெருங்க நெருங்கக் காரீயம் ஏறிக்கொண்டே போயிற்று. காரீயத்தில் 204, 206, 207, 208 என நான்கு எடைகள் உண்டு; அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். பூமியின் வயதைக் காணப் பாட்டர்சன் பயன்படுத்திய விகிதமும் இதுவே. வான்கூவர் தேனில் இருந்த காரீயத்தின் சாயல் அப்பகுதி மண்ணின் சாயலாக இல்லை. மனிதர் கொண்டுவந்து சேர்த்த காரீயமாக இருந்தது.

அதே 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பாரிஸ் நகரத்து நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை எரிந்தது. அக்கூரையிலும் கோபுரத்திலும் வேய்ந்திருந்த காரீயம் நூற்றுக்கணக்கான டன். ஆலயத்தை ஒட்டிய ஒரு சிறு கட்டடத்தின் மேல் மூன்று தேன் பெட்டிகள் இருந்தன; அவை தப்பிப் பிழைத்தன என்று அக்காலத்துச் செய்திகள் மகிழ்ச்சியோடு சொல்லின. அதே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஜூலை மாதத்தில் பாரிஸ் பகுதியிலிருந்து 36 தேன் மாதிரிகளைப் பெற்று அளந்தனர். தீக்கு முந்திய பாரிஸ் தேனில் காரீயம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு உட்பட்டே இருந்தது. புகை சென்ற திசையில் இருந்த பெட்டிகளின் தேனில் சராசரி 0.02க்குச் சற்று மேல். ஆலயத்திற்கு மேற்கே 5 கிலோமீட்டருக்குள் இருந்த ஒரு பெட்டியின் தேனில் 0.08. எல்லாம் ஐரோப்பிய வரம்புக்குள்தான். எவரும் அத்தேனைக் கொட்டிவிட வேண்டியதில்லை. ஆனால் மூன்று மாதத்திற்கு முன் வானில் எழுந்த புகை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைத் தேன் நினைவில் வைத்திருந்தது. கோடு 0.5இல் நிற்கும் ஆய்வுக்கூடத்திற்கு இந்த 36 மாதிரிகளையும் அனுப்பியிருந்தால் 36 தடவை 'கண்டறியப்படவில்லை' என்று வந்திருக்கும். அந்த அறிக்கையின்படி பாரிசில் தீயே எரியவில்லை.

தேனைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். ஐரோப்பிய வரம்பு முழுவதும் காரீயம் இருந்தாலும், நாளுக்கு 20 கிராம் தேன் உண்பவருக்கு அதனால் சேர்வது 2 மைக்ரோகிராம். நாம் தட்டு நிறைய உண்ணும் தானியமும், குடிக்கும் நீரும், வீட்டுத் தூசியும் அதைவிட முக்கியமானவை. தேனின் சிறப்பு வேறு. அது 28 சதுரக் கிலோமீட்டரைச் சுற்றிப் பார்த்து வந்த சாட்சி. பாட்டரி உருக்கும் தொழிலோ பெருஞ்சாலையோ அருகில் உள்ள ஊரில், அந்தச் சாட்சியை ஒழுங்காக விசாரிக்காமல் 'கண்டறியப்படவில்லை' என்று அனுப்பிவிடுவதால் இழப்பு அங்கே விளையாடும் குழந்தைகளுக்குத்தான்.

மொத்தமாகத் தேன் வாங்கும் சங்கங்களும் கூட்டுறவுப் பண்டசாலைகளும் வெளி மாநிலத் தமிழரிடையே பல உண்டு. அவற்றின் காரியதரிசிகள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல: எந்த முறையில் அளந்தீர்கள், கண்டறியும் எல்லை எவ்வளவு, சேர்த்த காரீயம் நூற்றுக்கு எத்தனை திரும்பி வந்தது. தேன் எவ்வகைப் பாத்திரத்தில் வந்தது என்பதையும் கேட்கலாம். வீட்டில் கண்ணாடிச் சீசாவில் ஊற்றி வைத்தால் போதும். சான்றிதழைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னைச் சேர்ந்ததாயின், 'காரீயம்: இல்லை' என்று எழுத மாட்டேன், 'காரீயம்: கிலோவுக்கு 0.005 மில்லிகிராமுக்குக் குறைவு' என்று, ஆய்வுக்கூடத்தின் கோடு எதுவோ அந்த எண்ணையே எழுதுவேன். வரி சற்று நீளும், அச்சகத்தார் முணுமுணுப்பார்கள்.